அப்பாவின் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மூன்று மாதம் முன்பு ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காட்டுப்பள்ளிப் பையன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது குவைத்தில் வேலை.

"சார், அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. 5.8னு வந்திருக்கு. பக்கத்துல செவப்பா 'ஹெச்'னு போட்டிருக்கான். நெட்ல பார்த்தா கேன்சர்னு வருது. டிக்கெட் போடட்டுமா சார்?"

அவன் குரலைக் கேட்டபோது எனக்கு என்னுடைய 2021 ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அவனிடம் ஐந்து கேள்வி கேட்டேன். அப்பாவுக்கு வயது என்ன? இதற்கு முன் இந்த டெஸ்ட் எப்போது எடுத்தார், எவ்வளவு இருந்தது? ஸ்கேனில் புராஸ்டேட் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? டெஸ்ட் எடுப்பதற்கு முந்தைய ஓரிரு மாதத்தில் சிறுநீர் அடைப்போ காய்ச்சலோ வந்ததா?

முதல் கேள்விக்கு மட்டும்தான் அவனுக்குப் பதில் தெரிந்தது. 68 வயது. மற்றதற்கு அம்மாவை லைனில் சேர்த்தான். அந்த அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"மழையில சளி புடிச்சிச்சு சார். கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கினாரு. மறுநாள் ஒண்ணுக்கே வரல. வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. இட்டுனு போய் டியூப் போட்டாங்க. டியூப் எடுத்துப் பத்து நாள்தான் ஆவுது. அப்புறம் ஊருக்குள்ள ஒரு லேப்காரங்க வந்தாங்க, ஒரே ரேட்டுல எல்லா டெஸ்ட்டும்னு, அதுல எடுத்ததுதான் இது."

"தம்பி, இன்னிக்கு டிக்கெட் போடாதே. ஆனா அப்பாவை சிறுநீரக டாக்டர்கிட்ட காட்டு. டியூப் போட்ட விஷயத்தை முதல்ல சொல்லச் சொல்லு. எட்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்வாங்க பாரு" என்றேன்.

நான் மருத்துவன் இல்லை, கணக்கு வாத்தியார். 2015-ல் ஓய்வு பெற்றேன். ஆனால் பி.எஸ்.ஏ. என்பது ஒரு எண். எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்துத்தான் 33 வருடம் சம்பளம் வாங்கினேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வீட்டில் 60 தாண்டிய ஆண் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த புராஸ்டேட் என்ன என்று பார்ப்போம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. ஆண்களுக்கு மட்டும் உண்டு. வாலிபத்தில் சுமார் 20 கிராம். நாற்பதுக்கு மேல் மெல்ல வளர ஆரம்பிக்கிறது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். இது புற்றுநோய் இல்லை. முடி நரைப்பது போல வயதோடு வருவது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் என்ன ஆகும்? ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகத் திணறும். படகு தரை தட்டும். வழி முழுக்க அடைத்துக்கொண்டால் தோண்டித்தான் விட வேண்டும். புராஸ்டேட் வளர்ந்தாலும் அதே கதைதான். நின்று நின்று சொட்டும். போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். ராத்திரி நாலு முறை எழுந்திருக்க வேண்டும். சில சளி மாத்திரைகள் அந்தக் குறுகிய வாயையும் இறுக்கிப் பிடித்துவிடும். மாணவனின் அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இப்போது பி.எஸ்.ஏ. அது இந்தச் சுரப்பி தயாரிக்கிற ஒரு புரதம். விந்துவை நீர்க்க வைப்பது அதன் வேலை. அதில் துளியளவு ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று அளக்கிறார்கள். கவனியுங்கள், இது புற்றுநோய் தயாரிக்கிற பொருள் இல்லை, புராஸ்டேட் தயாரிக்கிற பொருள். சுரப்பி பெரிதானால் பி.எஸ்.ஏ. ஏறும். கிருமி தொற்றினால் ஏறும். டியூப் போட்டால் ஏறும். அடைத்துக்கொண்டால் ஏறும். முந்தின இரண்டு நாளில் தாம்பத்திய உறவு இருந்தாலும், நீண்ட தூரம் சைக்கிள் மிதித்தாலும் கொஞ்சம் ஏறலாம். புற்றுநோய் வந்தாலும் ஏறும். இத்தனை காரணத்துக்கும் சேர்த்து ரிப்போர்ட்டில் வருவது ஒரே ஒரு எண்.

4 என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மருந்து ஆணையம் 1986-ல் இந்த டெஸ்ட்டை அனுமதித்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்களைக் கண்காணிக்கத்தான் அனுமதித்தது. 1994-ல்தான் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நோயைக் கண்டுபிடிக்க, விரல் பரிசோதனையோடு சேர்த்துச் செய்ய அனுமதி கிடைத்தது. 4 என்ற கோடு அப்போது பரவியது. பிறகு வயதுக்கேற்ற கோடுகளும் வந்தன. நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் நிறைய லேப் ரிப்போர்ட்டுகளில் 40 வயதுக்காரருக்கும் 78 வயதுக்காரருக்கும் அதே 4-தான். அதைத் தாண்டினால் சிவப்பு எழுத்து.

4-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு பயாப்ஸி செய்து பார்த்தால் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரிகிறது. மூன்று பேருக்கு இல்லை. சரி, 4-க்குக் கீழே இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 4-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. பாஸ் மார்க், ஃபெயில் மார்க் மாதிரி இந்த எண்ணைப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் பார்வையில் பி.எஸ்.ஏ. வருகைப் பதிவேடு மாதிரி. ஒரு பையன் ஒரு நாள் வரவில்லை என்றால் காய்ச்சலாக இருக்கும். மாதாமாதம் வருகை குறைந்துகொண்டே போனால் வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது.

என் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

2018-ல் 3.2. 2019-ல் 3.5. 2021-ல் 4.1. அந்த வருடம்தான் முதல்முறையாகச் சிவப்பு எழுத்து. பதினைந்து நாள் தூங்கவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. வங்கிப் பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தேன். கணக்கு வாத்தியாரின் லட்சணம் இது! 2022-ல் 4.4. 2023-ல் 9.8. அன்றைக்கு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

சிறுநீரக மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போன மாசம் குளிர் காய்ச்சல் வந்துச்சா?" வந்தது. சிறுநீர்த் தொற்று. மாத்திரை எழுதிக்கொடுத்து, எட்டு வாரம் கழித்து அதே லேபில் எடுத்துவரச் சொன்னார். 4.9. ஒன்பதே முக்கால் பாதியாகிவிட்டது. நடுவில் நான் அழுததெல்லாம் அந்தக் கிருமிக்காக.

பிறகு அவர் விரல் பரிசோதனை செய்தார். ஸ்கேனில் புராஸ்டேட் 68 கிராம். ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பயாப்ஸி இப்போது வேண்டாம், வருடம் ஒருமுறை பார்ப்போம் என்றார். 2024-ல் 5.2. 2025-ல் 5.5.

வீட்டுக்கு வந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். அந்த 9.8-ஐ விட்டுவிட்டால் மற்ற புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் உட்காருகின்றன. ஏழு வருடத்தில் 2.3 ஏற்றம். வருடத்துக்கு 0.33. சுரப்பி வளர வளர அதன் கூடவே மெல்ல ஏறும் கோடு. இன்னொரு கணக்கும் மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் அளவால் வகுப்பது. அதற்கு பி.எஸ்.ஏ. அடர்த்தி என்று பெயர். 5.5-ஐ 68-ஆல் வகுத்தால் 0.08. பொதுவாக 0.15-க்குக் கீழே இருந்தால் கசிவுக்குச் சுரப்பியின் பருமனே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே 5.5, 25 கிராம் சுரப்பி உள்ளவருக்கு வந்திருந்தால் 0.22. அப்போது மருத்துவர் என்னை இவ்வளவு நிதானமாக அனுப்பியிருக்க மாட்டார். தனித்து மிதக்கும் பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்று பார்க்கும் டெஸ்ட்டும் உண்டு. அந்தச் சதவீதம் 25-க்கு மேல் என்றால் ஆறுதல், 10-க்குக் கீழ் என்றால் கவலை.

இதுவரை படித்தவர்கள் "அப்போ பி.எஸ்.ஏ. ஏறினால் பயமில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஏரியிலும் கடலிலும் ஐம்பது வருடம் தொழில் செய்தவர். பாடு பிரிக்கிற கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. 2019-ல் சிறுநீர்த் தொந்தரவு வந்தது. அப்போது பி.எஸ்.ஏ. 3.6. டாம்சுலோசினும் டூடாஸ்டரைடும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மாத்திரை. ராத்திரி தூக்கம் திரும்பி வந்தது. மகன் வேலை செய்யும் இடத்தில் குடும்பத்துக்கு வருடாவருடம் உடல் பரிசோதனை. அதில் பி.எஸ்.ஏ.யும் உண்டு.

2020-ல் 1.7. 2021-ல் 2.1. 2022-ல் 2.9. 2023-ல் 3.7. ஒவ்வொரு வருடமும் "நார்மல்" என்றுதான் அச்சடித்து வந்தது. எல்லாம் 4-க்குக் கீழேதானே! 2024-ல் பரிசோதனைக்கு அவர் போகவே இல்லை. "எல்லாம் நார்மல்தானே சார், எதுக்கு ஒரு நாள் தொழிலை விடணும்" என்றார். 2025 பொங்கலுக்குப் பிறகு முதுகு வலி. ஐம்பது வருடம் வலை இழுத்த முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். தைலம், கடை மாத்திரை, எலும்பு வைத்தியர் என்று நாலு மாதம் போனது. ஒரு நாள் படகிலிருந்து இறங்கும்போது கால் தாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தால் பி.எஸ்.ஏ. 64. முதுகெலும்பு வரை பரவியிருந்தது.

அவர் வீட்டில் படகு ஆர்.சி. வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில்தான் அந்தப் பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. நான்கையும் வாங்கி அதே வரைபடத்தாளில், என் கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். வைத்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

டூடாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு இந்த இரண்டு மருந்தும் புராஸ்டேட்டைச் சுருக்கக் கூடியவை. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.யை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ.யை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். அண்ணனின் எண்களைப் பெருக்குங்கள். 3.4, 4.2, 5.8, 7.4. மூன்று வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! மருந்தோடு வரும் குறிப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு பி.எஸ்.ஏ. இறங்கித் தொடும் மிகக் குறைந்த எண்ணிலிருந்து, மறுபடி எடுத்துப் பார்த்தும் ஏற்றம் உறுதியானால், 4-க்குக் கீழே இருந்தாலும் அதை விசாரிக்க வேண்டும். அண்ணனின் மிகக் குறைந்த எண் 1.7. 2021-லேயே அந்தக் கோடு மேலே திரும்பிவிட்டது. மூன்று ரிப்போர்ட்டில் அது தெரிந்தது. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் கையில், தனித்தனியாகப் பார்க்கப்பட்டன. மாத்திரைச் சீட்டு எழுதியவர் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட் கொடுத்தவருக்கு மாத்திரை தெரியாது. அண்ணனுக்கு இரண்டும் தெரியும், ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

வகுப்பாக இருந்தால் கரும்பலகையில் எழுதிக் கேட்டிருப்பேன். ஒருவருக்கு 5.5, சிவப்பு எழுத்து. இன்னொருவருக்கு 3.7, நார்மல். யாருக்கு ஆபத்து? எண்ணை மட்டும் பார்த்தவர்கள் எல்லோரும் தப்பாகத்தான் சொல்வார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். இந்த வகை மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு, பி.எஸ்.ஏ. முதலில் கோட்டைத் தாண்டியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கும் வரை நடுவில் சுமார் 1.4 வருடம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, எண்ணை இரண்டால் பெருக்கிக் கணக்கிட்டுப் பார்த்தால், 3.6 வருடம். கண்டுபிடித்தபோது அவர்களில் அதிகம் பேருக்கு நோய் முற்றியிருந்தது. இறப்பும் கூட. கணினியில் எல்லாப் பதிவும் ஒரே இடத்தில் இருக்கிற நாட்டிலேயே பெருக்க மறந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட் வைத்திருக்கும் நம் நிலைமை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடைப்பு வரும். டூடாஸ்டரைடு ஆபரேஷனைத் தவிர்க்க உதவும் மருந்து. மருந்தின் மேல் தப்பு இல்லை. பெருக்காததுதான் தப்பு. தனி டாம்சுலோசின் பி.எஸ்.ஏ.யைக் குறைக்காது, அதற்குப் பெருக்கத் தேவையில்லை. உங்கள் அட்டையின் பின்பக்கம் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள். தலைமுடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

சரி, அப்படியானால் எல்லா ஆணும் வருடாவருடம் பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டும் என்று சொல்கிறேனா? இல்லை. இதில் உலகமே இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறது. 1970-ல் புராஸ்டேட்டில் இந்த வகைப் புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லின், கண்மண் தெரியாமல் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் எடுப்பதைக் கண்டித்து 2010-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-ல் அறிகுறி இல்லாதவர்களுக்கு வேண்டாம் என்றது. 2018-ல் அதையே மாற்றி, 55 முதல் 69 வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றது. காரணம், மெதுவாக வளரும் சாதுவான புற்றுநோயும் நிறைய உண்டு. அதைத் தேடிப் பிடித்து அறுத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனவர்களும் உண்டு.

புற்றுநோய் என்றே வந்தாலும் உடனே எல்லாம் முடிந்தது என்று இல்லை. பிரிட்டனில் பி.எஸ்.ஏ. மூலம் ஆரம்ப நிலையில் தெரிந்த 1,643 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு, ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும். 15 வருடம் கழித்து, 2023-ல் முடிவு வெளியானது. மூன்று குழுவிலுமே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆரம்பத்தில் தெரிந்தால் யோசிக்க நேரம் இருக்கிறது. எலும்புக்குப் போன பிறகு தெரிந்தால் அந்த நேரம் இல்லை.

2024 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ் தனக்குப் புராஸ்டேட் வளர்ந்திருக்கிறது, சிகிச்சைக்குப் போகிறேன் என்று ஊரறியச் சொன்னார். அடுத்த நாளே அந்த நாட்டு அரசு மருத்துவ இணையதளத்தில் புராஸ்டேட் பக்கத்தைப் படிக்க ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்தார்கள். 2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் பைடனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருப்பதாக அறிவிப்பு வந்தது. அவர் கடைசியாக பி.எஸ்.ஏ. எடுத்தது 2014-ல் என்றார்கள். சிறுநீர்த் தொந்தரவு அதிகமான பிறகு செய்த பரிசோதனையில்தான் தெரிந்தது. மன்னர் வாய் திறந்து சொல்கிறார். நம் வீட்டு ஆண்களோ ராத்திரி ஐந்து முறை எழுந்து போவதைப் பெண்டாட்டியிடம் கூடச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எத்தனை முறை கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பவர் அவர்தான். "சுகர் இருக்குல்ல, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் முதல் பத்துப் புற்றுநோய்களில் புராஸ்டேட்டும் ஒன்று. ஆயுள் கூடக் கூட இது கூடும். ஆனால் நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்கும் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்க்குத்தான் இடம். நல்ல திட்டம். அதைக் குறை சொல்லவில்லை. புராஸ்டேட்டுக்கும் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மேலே சொன்ன காரணங்களால் அது சரியும் ஆகாது.

நான் கேட்பது சின்ன விஷயம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதே சகோதரி 60 தாண்டிய ஆணிடம் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? போகும்போது திணறுகிறதா, ரத்தம் வருகிறதா? புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அதன் பெயர் என்ன? செலவே இல்லாத கேள்விகள். அதே போல டூடாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு எழுதித் தரும் சீட்டில் "பி.எஸ்.ஏ.யை இரண்டால் பெருக்கவும்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் போதும். ஊர் ஊராக வந்து ஒரே கட்டணத்தில் எழுபது டெஸ்ட் எடுக்கும் லேப்கள், பி.எஸ்.ஏ. எடுக்கும் முன் "டியூப் போட்டீர்களா, காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை" என்று ஒரு வரி கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். கேட்காமல் எடுக்கும் எண் பாதிப் பேரைக் காரணமில்லாமல் பயமுறுத்துகிறது, மீதிப் பேரைக் காரணமில்லாமல் தூங்க வைக்கிறது.

அரசும் லேபும் செய்யும் வரை வீட்டில் நாம் செய்யக் கூடியது என்ன?

ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பி.எஸ்.ஏ. எண், எந்த லேப், ஸ்கேனில் எத்தனை கிராம், அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை, அதற்கு முன் வந்த காய்ச்சல் அல்லது அடைப்பு. ஆறு கட்டம். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். ஒரு முறை ஏறியதற்காகக் கலங்க வேண்டாம், மருத்துவர் சொல்லும் இடைவெளி விட்டு மறுபடி எடுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஏறினால், அதுவும் வேகம் கூடிக்கொண்டே ஏறினால், எந்த எண்ணாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள். விரல் பரிசோதனைக்குக் கூச்சப்படாதீர்கள், அரை நிமிட வேலை. வயதானவருக்குப் புதிதாக வந்த முதுகு வலியோ இடுப்பு வலியோ ஒரு மாதம் தாண்டினால் வலை இழுத்ததன் மேல் பழி போடாதீர்கள். நான் போட்டேன். அந்த நாலு மாதம் இன்னும் என் மனசில் குத்துகிறது.

அண்ணன் இப்போது பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்த நோய் அடங்கும் என்கிறார்கள், அடங்கியிருக்கிறது. எத்தனை காலம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பேசுவதில்லை. கடலுக்குப் போவதில்லை. சாயங்காலம் மணலில் உட்கார்ந்து மகன் வலையைப் பின்னித் தருகிறார். போன வாரம் என்னிடம், "சார், நீ வாத்தியாரு, அந்த நாலு பேப்பரை முன்னாடியே உன்கிட்ட குடுத்திருந்தா சொல்லியிருப்பியா?" என்று கேட்டார். சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 2023-ல் எனக்கும் இந்தப் பெருக்கல் தெரியாது.

குவைத் மாணவன் நேற்று ரிப்போர்ட் அனுப்பினான். எட்டு வாரம் கழித்து எடுத்தது. 3.4. நன்றாக அழுதான். பிறகு "அப்போ இனிமே பயம் இல்லைதானே சார்?" என்றான். இது முதல் புள்ளிதான் தம்பி, ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது, அடுத்த வருடம் இதே மாதம் மறுபடி எடு, அப்பாவுக்கு டாக்டர் இப்போது புது மாத்திரை எழுதியிருந்தால் அதன் பெயரை எனக்கு அனுப்பு என்றேன். அனுப்பினான். அதில் டூடாஸ்டரைடு இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "அடுத்த வருடம் முதல் இரண்டால் பெருக்கவும்" என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாதான் எழுதினாராம்.

இதைப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அப்பாவிடம் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அம்மாவிடம் கேளுங்கள்.